நாலாம் நம்பர்

"சார், எங்கப்பா சைக்கிளத் திருப்பிக் குடுங்க."

கேட்டேவிட்டாள். எட்டு மாதமாக அம்மா அவள் வாயில் போட்டு வைத்திருந்த பூட்டு, டைல்ஸ் கடை மாடியில், காலை பத்தரை மணிக்கு, இரண்டு பெரிய மனிதர்கள் முன்னால் கழன்று விழுந்தது. "லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, உக்கார நல்ல நாற்காலி கேளு. சைக்கிள மட்டும் கேட்டுடாத. உயிரே போனாலும் கேட்டுடாத" என்று சோற்றைப் போடும்போதும் சொல்வாள், தலை பின்னும்போதும் சொல்வாள் அம்மா. உயிர் போகவில்லை. முதலாளியின் முகத்தில் இருந்த சிரிப்புதான் போனது.

இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவர் இந்த முதலாளி. குளியலறை டைல்ஸ் விற்றுப் பணம் சேர்த்தவர். சேர்த்த பிறகு வந்த வியாதி, பழைய சைக்கிள். மாடி முழுக்க முப்பத்தோரு சைக்கிள்கள். சில தரையில், சில சுவரில் கொக்கி போட்டு, ஒன்று கூரையிலிருந்து வௌவால் மாதிரி தலைகீழாக. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. துருப் பிடிக்கக்கூடாது என்று இரவு பகலாக ஏசி. கீழே சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு டேபிள் ஃபேன். முதலாளிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. தன் கடை மாடிப்படி ஏறவே நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார்.

இன்னொருவர் பல் டாக்டர். பழைய சைக்கிள் சங்கத்தின் தலைவர். எந்தச் சைக்கிள் 'கிளாசிக்', எது வெறும் பழசு என்று தீர்ப்புச் சொல்கிறவர். ஊரார் வாயில் எட்டிப் பார்க்கும் அதே கண்ணாடியை இங்கேயும் கொண்டுவந்து செயினுக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார். அன்று அவர் நீட்டிக்கொண்டிருந்தது அவள் அப்பாவின் சைக்கிளுக்கு அடியில். அவர் தலையாட்டினால் சாயங்காலம் லாரி வரும், வண்டி பெரிய கண்காட்சிக்குப் போய்விடும். அப்புறம் அதன் மணியைக் கூட அப்பா தொட முடியாது.

அப்பா குழாய் வேலைக்காரர். பல வருஷம் முன்னால் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்ததில் வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. முழங்கால் முக்கால்வாசிதான் மடங்கும். இனி சைக்கிள் ஓட்ட முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அப்பா அவர் சொன்னதற்கெல்லாம் மண்டையை ஆட்டிவிட்டு நேரே இரும்புக் கதவு செய்கிற வெல்டிங் பட்டறைக்குப் போனார். பெடலைத் தாங்கும் கிராங்க் இருக்கிறதே, வலது பக்கத்து கிராங்கை அறுத்துக் குட்டையாக்கி ஒட்டச் சொன்னார். பெடல் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டினார். கால் வழுக்காமல் இருக்க, கட்டையின் மேல் அவளுடைய பிய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியை, கட்டம் கட்டமாக இருக்கும் பக்கம் மேலே பார்க்க வைத்து ஆணி அடித்தார். அவ்வளவுதான். அந்த ஒன்றரைக் காலோடு அவர் மிதித்த மிதியில்தான் வீட்டில் முதல் பட்டதாரி ஒருத்தி முளைத்தாள்.

அந்த முதல் பட்டதாரி இரண்டு வருஷம் வேலையில்லாமல் கிடந்தாள். ஒருநாள் டைல்ஸ் கடையில் குழாய் ஒழுகுகிறது என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேலை முடித்து ஈரச் சட்டையோடு நின்றவரிடம் முதலாளி சைக்கிளைப் பார்த்தபடியே குடும்பம் விசாரித்தார். பெண் படித்திருக்கிறாள் என்றதும், நாளைக்கே வரச் சொல், என் சைக்கிளுக்கெல்லாம் விவரம் எழுத ஆள் தேவை என்றார். அதே மூச்சில், வண்டி ஒரு பத்து நாள் இங்கே இருக்கட்டும், சங்கத்தில் காட்ட வேண்டும் என்றார். பெண்ணுக்கு வேலை போட்டுக் கொடுத்த வாயிடம் எந்த அப்பன் மாட்டேன் என்பான்?

பத்து நாள் போனது. பதினோராம் நாள் ஒரு புது சைக்கிள் வீட்டுக்கு வந்தது. ஏழு கியர், ஹாண்டிலில் சிவப்பு ரிப்பன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். அப்பா அதில் ஏறிப் பார்த்தார். பெடல் மேலே வரும்போது முழங்கால் அவ்வளவு மடங்கவில்லை, கீழே போகும்போது காலுக்கு எட்டவில்லை. கிராங்கை அறுக்கலாம் என்றால், இது அலுமினியம், நம்ம வெல்டு பிடிக்காது என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். பழைய இரும்பு சைக்கிள் ஒன்று தேடலாம் என்றால், அதையெல்லாம்தான் மாடியில் மாட்டி விளக்குப் போட்டாகிவிட்டதே. புது வண்டி வாசலில் துண்டு காயப்போட உதவியது. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வீட்டை நிறைத்துவிடும், வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஏசியில் உட்கார்ந்து அதே சைக்கிளுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினாள். 'சமமற்ற கிராங்க் கொண்ட அபூர்வ வடிவமைப்பு. போர்க்காலத் தட்டுப்பாட்டில் மரமும் ரப்பரும் சேர்த்து உருவாக்கப்பட்ட பெடல். ரப்பரில் 4 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. சோதனைக்காகச் செய்யப்பட்ட வண்டிகளில் இது நான்காவது என்று கருதப்படுகிறது.' கருதியவர் பல் டாக்டர். எழுதும்போது அவள் கை கூசியது. ஆனால் எழுதியது. படித்த கை அல்லவா, சொன்னதை எழுதும்.

முதலாளியிடம் ஒரு பாடம் உண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பிப்பார். கிளாசிக் என்றால் நாலு விஷயம் வேண்டும்: வயது வேண்டும், அசலாக இருக்க வேண்டும், அபூர்வமாக இருக்க வேண்டும், கதை வேண்டும். ஐந்தாவதாக ஒன்று இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். ஓட்டியவன் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவன் வியர்வை இருக்கலாம், அவன் கை பட்டுத் தேய்ந்த தேய்மானம் இருக்கலாம், அதைத் தடவித் தடவி உருகலாம். ஆள் மட்டும் வந்து நின்றுவிடக்கூடாது. நின்றால் சாமானுக்கு மதிப்புப் போய்விடும்.

முந்தின நாள் அப்பா முழங்கையில் கட்டோடு வந்தார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். யாருக்கும் தெரியாமல் சந்துக்குள் புது சைக்கிளை ஓட்டிப் பார்த்து விழுந்திருக்கிறார் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில், ஒளிந்து ஒளிந்து, சின்னப் பையன் மாதிரி.   மறுநாள் காலை அவள் எல்லோருக்கும் முன்னால் கடைக்கு வந்தாள். இப்போது இந்தக் கேள்வி.

முதலாளி டாக்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நம்ம பொண்ணுதான் டாக்டர். வீட்டுலயே மொதல் பட்டதாரி. நான்தான் வேலை குடுத்தேன்." அவளை யாருக்கு அறிமுகம் செய்தாலும் இதைத்தான் சொல்வார், முப்பத்திரண்டாவது சைக்கிளைக் காட்டுவது மாதிரி. பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "புதுசு ஒண்ணு குடுத்தேனேம்மா. ஏழு கியர்."

"அவருக்கு ஏழு கியர் வேணாம் சார். ஒரு குட்டை கிராங்க் போதும்."

டாக்டருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் பெடல் பக்கத்தில் குந்தியிருந்தார். "நாலு," என்றார், சொத்தைப் பல்லை எண்ணுகிற குரலில். "தெளிவா இருக்கு. மொத்தமே ஆறு வண்டிதான் பண்ணியிருப்பான்."

"அது என் செருப்பு சார்."

டாக்டர் கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

"ஒம்பதாவது படிக்கும்போது போட்டது. நாலு என் கால் அளவு. நீங்க மோந்து பாத்தீங்களே போன வாரம், பழைய ரப்பர் வாசனை தனின்னு. அது என் கால் வாசனை."

முதலாளியின் காது சிவந்தது. "அந்த அட்டைய எழுதினது யாரு? நீதானே?"

குத்தியது. சரியான இடத்தில்தான் குத்தினார். "நான்தான்," என்றாள். "பொய்ன்னு தெரிஞ்சே எழுதினேன். மூணு தரம் திருத்தி எழுதினேன், ஒவ்வொரு தரமும் இன்னும் அழகான பொய்யா. அதுக்குத்தான் வெக்கப்படறேன். கேட்டதுக்கு இல்ல."

பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இடது கால் செருப்பின் அடி. அதே கட்டம், அதே நாலு. நடுவில் மட்டும் வட்டம் வட்டமாக ஓட்டை. குழாய்க்கு வாஷர் தேவைப்படும்போதெல்லாம் அப்பா அதிலிருந்துதான் வெட்டுவார். இந்த மாடியின் குழாய்க்குள்ளும் அதில் ஒரு வட்டம் இருந்தது.

டாக்டர் செருப்பைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், மறுபடி செருப்பைப் பார்த்தார். மனுஷனுக்கு இப்போதாவது உறைக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கதை!" என்றார். "இதுதான்யா கதை! ஊனமான ஒரு தொழிலாளி, மகளோட செருப்பு... தொழிற்சாலை மாடலாவது மண்ணாவது. இந்த மாதிரி ஒலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும். இந்தச் செருப்பும் கூட வேணும், ஜோடியா வைக்கணும்."

முதலாளிக்கு உயிர் வந்தது. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத சாதி. அட்டையை மாற்றிவிடலாம் என்றார். அவளே எழுதட்டும், அவள் பேரையே கீழே போடலாம், அப்பாவின் படத்தைப் பெரிதாக மாட்டலாம், கண்காட்சி திறப்பு நாளில் அவரையே மேடையில் ஏற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "அப்பாவுக்கு எவ்ளோ பெரிய மரியாத, யோசிச்சுப் பாரும்மா," என்று முடித்தார்.

ஒரு நிமிஷம் அவள் யோசிக்கத்தான் செய்தாள், அதை மறைப்பானேன். சுவரில் பெரிதாக அப்பாவின் முகம். எதிர்வீட்டு அக்கா வந்து பார்ப்பாள். அம்மா அழுவாள். அதன் பிறகு அப்பா மேடையை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு நொண்டி நடப்பார்.

"மேடைக்கு எதுல வருவாரு சார்?" என்றாள்.

 இருவருக்கும் கேள்வியே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பன்னெண்டு மணிக்கு ஒரு வீட்ல தொட்டி ஒழுகுது. அவரு போகணும்."

அவள் ஸ்டாண்டை உதைத்தாள். அப்போதுதான் முதலாளி டயரைப் பார்த்தார். எட்டு மாதமாகக் காற்றில்லாமல் சப்பிக் கிடந்த டயர் இரண்டும் கல் மாதிரி நின்றன. செயினில் புது எண்ணெய் மினுங்கியது. மேஜை மேல் மாடிச் சாவிக்கொத்து, அலுவலக அடையாள அட்டை, அதன் கீழ் வேலையை விடுவதாக எழுதி மடித்த ஒரு காகிதம். எல்லாம் காலை எட்டு மணிக்கே வைக்கப்பட்டவை.

"அப்பவே முடிவு பண்ணிட்டு, அப்பறம் எதுக்கு வந்து கேட்ட?" என்றார் முதலாளி. முதல் தடவையாக உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல்.

"எங்க வீட்ல கேக்காம எடுத்துப் பழக்கமில்ல சார். உங்கள மாதிரி பத்து நாள்னு சொல்லியும் எடுக்க மாட்டோம். புதுசு கீழ நிக்குது, இன்னிக்கு உருட்டிக்கிட்டே வந்தேன். ரிப்பன் கூட அவுக்கல. பத்திரமா வச்சுக்கோங்க, அம்பது வருஷத்துல கிளாசிக் ஆயிடும். யாருமே ஒழுங்கா ஓட்டினதில்ல, சுத்த அசல்."

செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு இன்னும் ஏழெட்டு வாஷர் அதில் தேறும்.

"படியில உருட்டினா ஃபிரேம் அடிபடும்மா," என்று பின்னாலிருந்து கத்தினார் டாக்டர், பெற்ற பிள்ளைக்குப் பதறுவது போல. அவள் சைக்கிளைப் படி படியாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் மணி ஒரு தரம் தானே அடித்தது. கீழே சிமெண்ட் மூட்டைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து வழி விட்டார்கள். வாசலில் நின்ற ஏழு கியரைத் தாண்டி, அவள் ரோட்டில் இறங்கி நடந்தாள்.