பன்னிரண்டாவது கோப்பு

கணவன் ஜெயரூபனின் சவப்பெட்டியைத் தூக்கியபோது துஷாந்தி வாசல் படலை வரைக்கும் கூடவே போனாள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. அக்கா ஞானசவுந்தரி பின்னாலிருந்து அவளுடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள். பிடிக்காமல் விட்டிருந்தாலும் துஷாந்தி அந்த இடத்தில்தான் நின்றிருப்பாள். முன்னால் கொள்ளிக்குடத்தோடு ஜெயரூபனின் தம்பி தர்சன் போனான். பறைச் சத்தம் சரவணை வீதியின் திருப்பம் வரைக்கும் கேட்டது. பிறகு காற்று அதை வேறு பக்கம் கொண்டு போய்விட்டது.

வீட்டில் உடனே வேலை தொடங்கியது. ஒருத்தி சாணித் தண்ணீர் கரைத்தாள். இன்னொருத்தி பந்தலுக்குள் கிடந்த பூவிதழ்களைக் கூட்டினாள். அழுது களைத்த மகள் மேனுகா அறைக்குள் நித்திரையாகிவிட்டாள்.

அப்போதுதான் துஷாந்தி படலையோரம் நின்ற பெண்ணைக் கவனித்தாள். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் பை. காலையிலிருந்து அவள் அதே இடத்தில் நிற்கிறாள் என்பது இப்போதுதான் நினைவில் தட்டியது. சனம் கலைந்த பிறகும் போகவில்லை.

"ஆர் அன்ரி நீங்கள்?"

"நான் ஊர்காவற்றுறை, பிள்ளை. மேரிஜோசப்பின். ஜெயரூபன் தம்பியின்ர கம்பியூட்டர் கடைக்கு வாறனான்." அவள் மேலே சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "ஒண்டுமில்லை. நான் போட்டு வாறன்."

"சொல்லுங்கோ."

"இண்டைக்குக் கேக்கிற கதையில்லை இது."

"கேளுங்கோ அன்ரி."

மேரிஜோசப்பின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மகன் கிறிஸ்ரி சுவிஸில் இருக்கிறான். அவனுடைய அகதி வழக்கு நாளைக் காலை கடைசித் தடவையாக விசாரணைக்கு வருகிறது. அவனுக்கு இங்கே நடந்ததற்கெல்லாம் அத்தாட்சியான கடுதாசிகளை ஜெயரூபன்தான் ஸ்கான் பண்ணி, ஒன்றாகக் கட்டி அனுப்பினான். அங்கே சட்டத்தரணியின் கம்பியூட்டரில் அந்தக் கட்டு திறக்கவில்லை. திரும்பவும் கட்டி அனுப்பித் தருகிறேன் என்று ஜெயரூபன் செவ்வாய்க்கிழமை சொன்னான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவன் கடைக்குள் விழுந்தான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே, பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது, எல்லாம் முடிந்துவிட்டது.

"எத்தினை மணிக்குள்ள போகவேணும்?"

"அங்கத்தைய பன்ரெண்டு மணியாம். எங்கட நேரத்துக்கு மூண்டரை."

சுவரில் மணிக்கூடு ஒன்று பத்தைக் காட்டியது.

துஷாந்தி குசினிப் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பை அங்கே மூலையில் கிடந்தது. இரண்டு நாளாக யாரும் அதைத் தொடவில்லை. அவளும் அதன் முன்னால் போய் நின்றாளே தவிர, குனிய முடியவில்லை.

"விசரே உனக்கு?" என்றாள் ஞானசவுந்தரி. "கட்டை இன்னும் எரியத் தொடங்கேல்லை. இண்டைக்கு நீ வெளிக்கிட்டால் ஊர் என்ன சொல்லும்? வேற கடையில குடுக்கட்டும்."

"அந்தக் கடுதாசியள் இவற்ற கம்பியூட்டருக்குள்ள கிடக்கு, அக்கா."

சுவரோடு சாய்ந்திருந்த கமலாதேவி, ஜெயரூபனைப் பெற்றவள், மெல்ல எழும்பினாள். பையை அவிழ்த்து, மடித்திருந்த மகனின் சேட்டை எடுத்து, அதன் பொக்கெற்றுக்குள் விரலை விட்டாள். சாவிகள் குலுங்கக் கடையின் திறப்புக் கோர்வையை வெளியே எடுத்தாள். சேட்டைத் திரும்பவும் அதே மடிப்பில் மடித்து வைத்தாள்.

"தலைக்கு வாத்திட்டுப் போ, பிள்ளை," என்றாள். "ஈரத்தோடயே போ. பிந்தாத."

வங்களாவடிச் சந்தியிலிருந்த கடைக்குத் துஷாந்தியும் மேரிஜோசப்பினும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். இரும்புக் கதவை இருவரும் சேர்ந்துதான் மேலே தள்ள முடிந்தது. உள்ளே இரண்டு நாள் பூட்டிக்கிடந்த புழுக்கம். மேசையில் பாதி குடித்த தேத்தண்ணி, மேலே ஆடை படர்ந்திருந்தது. துஷாந்தி கோப்பையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், அலுமாரியின் மேல்தட்டில் கவனமாக வைத்தாள்.

கலியாணம் முடித்த முதல் நாலு வருடம் அவளும் இந்தக் கடையில் இரண்டாவது கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவள். மேனுகா பிறந்த பிறகு விட்டுவிட்டாள். ஆனால் வேலைக் கதை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மற்ற ஆம்பிளைகள் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைப்பதுபோல ஜெயரூபன் கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றிக் கதைப்பான். அதற்கு அவன் வைத்த பெயர் 'சாக்கு'. சோறு பிசைந்துகொண்டே, "ஒரு சதம் கேக்கிறேல்லை, துஷா. ரெண்டு எம்.பி.கூட இல்லை. என்ர பழைய எக்ஸ்பி மிசினிலயும் ஓடுது, புதுசிலயும் ஓடுது. எவன் எதில கட்டி அனுப்பினாலும் அவிழ்க்குது," என்பான். பிறகு விரலை உயர்த்துவான். "அவிழ்க்கிறது சுகம். கட்டேக்கதான் ஆரின்ர வீட்டுக்குப் போகுதெண்டு பாத்துக் கட்டவேணும்."

"சோத்தைச் சாப்பிடுங்கோ," என்பாள் அவள்.

கம்பியூட்டர் மெதுவாக உயிர் பெற்றது. அவள் முதலில் மின்னஞ்சலைத் திறந்தாள். சட்டத்தரணியின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தங்கள் அலுவலகத்தில் புதிய மென்பொருள் எதையும் ஏற்ற அனுமதியில்லை, சாதாரண சிப் (zip) கோப்பாக அனுப்பவும், ஒரு மின்னஞ்சல் பத்து எம்.பி.க்கு மேல் போகக்கூடாது.

விளங்கிவிட்டது. ஜெயரூபன் சாக்கின் சொந்த வடிவத்தில் கட்டியிருக்கிறான். அதுதான் இறுக்கமாகக் கட்டும். ஆனால் திறக்கிறவனிடமும் அதே சாக்கு இருக்கவேண்டும்.

திரையில் கிறிஸ்ரியின் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. திறந்தாள். இருபத்திமூன்று கோப்புகள். முதல் பதினொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர். எண், அடிக்கோடு, பெயர். பதினொன்றாவது ஆஸ்பத்திரி அட்டை. பன்னிரண்டிலிருந்து எல்லாம் தமிழில் கிடந்தன.

துஷாந்தியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். சிப்பில் கட்டினால் சில இடங்களில் தமிழ்ப் பெயர்கள் வெறும் பெட்டிகளாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரியும். அங்கே நீதிமன்றத்தில் ஒருவரும் அதை வாசிக்கப் போவதில்லை. அதனால் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றியிருக்கிறான். பதினொன்று வரைக்கும் மாற்றியிருக்கிறான்.

"என்ன பிள்ளை, அழிஞ்சு போச்சோ?" மேரிஜோசப்பின் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"இல்லை அன்ரி. எல்லாம் கிடக்கு. பாதி வேலை முடிச்சும் கிடக்கு."

அவள் பன்னிரண்டாவதைத் திறந்து பார்த்தாள். கிறிஸ்ரியின் தகப்பனுடைய மரண அத்தாட்சிப் பத்திரம். ஓரம் கிழிந்து, மடிப்பில் மை கரைந்திருந்தது. அதை மூடிவிட்டு, பெயரின் மேல் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பன்னிரண்டு. அடிக்கோடு. 'மரணம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஐந்து எழுத்து போதும். அந்த ஐந்துக்கும் நெடுநேரம் பிடித்தது. ஈரத் தலையிலிருந்து ஒரு துளி விசைப்பலகையில் விழுந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பதின்மூன்றுக்குப் போனாள். அதன் பிறகு விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின.

இரண்டு பத்துக்கு எல்லாப் பெயரும் முடிந்தது. ஸ்கான் படங்கள் எவ்வளவு சுருக்கினாலும் பெரிதாகச் சுருங்காது. மொத்தம் இருபத்தியேழு எம்.பி. ஒரே கட்டைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பலாம். ஆனால் அந்தத் துண்டுகளைச் சேர்க்க அங்கேயும் சாக்கு வேண்டும். ஆகவே தனித்தனியாக மூன்று சிப். அவள் எட்டு, எட்டு, ஏழாகப் பிரித்தாள்.

"லோயருக்கு முதல் குடுத்த பாஸ்வேர்ட் உங்களுக்குத்தான் தெரியும், என்ன?"

"ஓம். தம்பி தான் பாக்கமாட்டன் எண்டு அங்கால திரும்பிநிண்டவர். கடைக்காரனுக்கு அது தெரியக்கூடாதாம்."

"அதையே இதுக்கும் போடுவம். வந்து அடியுங்கோ."

மேரிஜோசப்பின் கண்ணாடியைத் தேடினாள். பையில் இல்லை. அவசரத்தில் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். எழுத்துகளை உற்றுப் பார்த்தாள், கண் கலங்கியிருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை.

"சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

அந்த வயதான முகம் வெட்கத்தில் சுருங்கியது. குனிந்து, கடையில் வேறு யாரும் இல்லாதபோதும், துஷாந்தியின் காதுக்குள் சொன்னாள்.

"நண்டுக்குஞ்சு."

"என்ன?"

"அவனைச் சின்னனில அப்பிடித்தான் கூப்பிடுறனாங்கள். நேரா நடக்கமாட்டான். ஒரு பக்கமாத்தான் தவழுவான். லோயர் அம்மாவும் அதைத்தான் இங்கிலீஸ் எழுத்தில அடிச்சுத் திறக்கவேணும். கிறிஸ்ரிக்குச் சரியான கோவம்."

துஷாந்தி சிரித்துவிட்டாள். சத்தமாகவே. சிரித்த பிறகு திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். அந்தக் கையை மேரிஜோசப்பின் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி, விசைப்பலகையின் மேல் வைத்தாள்.

"அடி பிள்ளை. நேரம் போகுது."

முதல் சிப் தயாரானது. ஜெயரூபன் எப்போதும் செய்வதுபோல அவள் அதைச் சாக்கால் திறக்காமல், விண்டோஸின் சொந்த வழியில் திறந்து பார்த்தாள். அது கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தாள். பிழை என்றது. திரும்பவும் கொடுத்தாள். திறக்க மறுத்தது.

மணி இரண்டு நாற்பது. எங்கே பிழை? எழுத்துகள் சரி. கண்ணை மூடிக்கொண்டாள். என்றோ ஒரு நாள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டபடி அவன் சொன்னது வந்தது. சாக்கில் பூட்டு இரண்டு வகை. பலமான பூட்டுப் போட்டால் விண்டோஸுக்குத் தானாகத் திறக்கத் தெரியாது. பழைய, கொஞ்சம் பலம் குறைந்த பூட்டை எல்லா இடமும் திறக்கும். அவள் பலமானதைத் தெரிவுசெய்திருந்தாள்.

அதை அழித்துவிட்டு, மூன்றையும் பழைய பூட்டோடு கட்டினாள். திறந்து பார்த்தாள். பன்னிரண்டாவது கோப்பு இரண்டாவது கட்டுக்குள் இருந்தது. சொடுக்கியதும் கிழிந்த ஓரத்தோடு அந்தப் பத்திரம் திரையில் விரிந்தது.

மூன்று மின்னஞ்சல்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஆமை வேகத்தில் ஏறின. வெளியே வெயிலில் ஒரு லொறி போனது.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும்," என்றாள் மேரிஜோசப்பின். "செவ்வாய்க்கிழமை நான் இஞ்ச வந்தனான். கட்டு திறக்கேல்லையாம் எண்டு சொல்லிப்போட்டு, இதில இருந்தனான். தம்பிக்கு வேர்த்து வடிஞ்சது. டொக்ரரிட்டைப் போங்கோ எண்டனான். இதை முடிச்சிட்டுப் போறன் எண்டவர். நான் பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு எழும்பிப் போட்டன். என்ர வேலையாலதான்..."

அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

துஷாந்தி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கோபம் வருமோ என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வேறொன்றுதான் வந்தது. இந்த உலகத்தில் அவனைக் கடைசியாகப் பேசக் கேட்டவள் இந்தப் பெண்.

"வேற என்ன கதைச்சவர்?"

"என்ன?"

"இவர் அண்டைக்கு. வேற என்ன சொன்னவர்?"

மேரிஜோசப்பின் சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "'ஆரின்ர வீட்டுக்கெண்டு பாக்காமல் கட்டிப்போட்டன் அன்ரி, பிழை என்ரதான்' எண்டு சிரிச்சவர். பிறகு மகள் கணக்கில தொண்ணூற்றி மூண்டு எடுத்தவ எண்டு சொன்னவர். ரெண்டு தரம் சொன்னவர்."

"தேத்தண்ணி குடிச்சவரோ?"

"ஓம் பிள்ளை. நான் இருக்கேக்கதான் குடிச்சவர். நல்ல சூடெண்டவர்."

துஷாந்தி தலையை ஆட்டினாள். அவள் அன்று காலையில் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்ட தேத்தண்ணி.

மூன்று இருபதுக்குப் பதில் வந்தது. மூன்று கட்டும் திறந்தன, இருபத்திமூன்று ஆவணங்களும் தெளிவாக இருக்கின்றன, இப்போதே நீதிமன்றத்துக்கு அனுப்புகிறோம், மிக்க நன்றி திரு. ஜெயரூபன். அவள் அதைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கடைசி வரியையும் சொன்னாள். மேரிஜோசப்பின் சிலுவையை உதட்டில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, கிறிஸ்ரியைத் திருப்பி அனுப்பும் உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மறுநாள் பின்னேரம்தான் வரும். இப்போதைக்கு, திறந்தது என்ற செய்தியே போதுமாக இருந்தது.

கம்பியூட்டரை நிறுத்துமுன் துஷாந்தி மற்றக் கோப்புறைகளையும் பார்த்தாள். மடத்துவெளியில் ஒரு வீட்டுக் கலியாணப் படங்கள், ஒரு ஆசிரியையின் இளைப்பாறல் விண்ணப்பம், காரைநகரில் யாரோ ஒருவரின் காணி உறுதி. ஒவ்வொன்றும் ஏதோவொரு இடத்தில் பாதியில் நின்றது. மேசையில் கிடந்த கொப்பியை இழுத்து, ஒவ்வொரு பெயரையும் அதன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்து கதவை இறக்கும்போது ஒரு முதியவர் சைக்கிளில் வந்து நின்றார். கையில் அடையாள அட்டை.

"பிள்ளை, கடை பூட்டியாச்சோ? ஒரு போட்டோக் கொப்பி."

"இண்டைக்கு இல்லை ஐயா. இவற்ற எட்டாம் நாள் செலவுக் காரியம் முடிய வாங்கோ. திறந்திருக்கும்."

அவர் அவளுடைய ஈரத் தலையையும் வெள்ளைச் சேலையையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "ஓம் பிள்ளை. வாறன்," என்று சைக்கிளைத் திருப்பினார்.

சந்தியில் ஊர்காவற்றுறை பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மேரிஜோசப்பினைப் பார்த்தான்.

"ஏறுறியளோ அம்மா? இதை விட்டால் இனி அஞ்சரைக்குத்தான்."

"நீ போ தம்பி."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மேரிஜோசப்பின் பைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்து விரித்தாள். ஒரு கம்பி முறிந்து தொங்கியது. அந்தப் பக்கத்தைத் தன் தலைக்கு மேல் வைத்து, நல்ல பக்கத்தைத் துஷாந்தியின் மேல் சரித்துப் பிடித்தாள். இரண்டு பேரும் துஷாந்தியின் வீட்டை நோக்கிச் சரவணை வீதியில் நடக்கத் தொடங்கினார்கள்.