சொல்தாவின் சல்யூட்

எதிர்வீட்டு பிரிட்டோவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, கடைசிவரை பென்ஷன் வாங்கியவர். அந்தப் பொறாமையில்தான் என் வீட்டுக்காரர் தங்கராசு எங்கள் நாய்க்கு சொல்தா என்று பெயர் வைத்தார். பெயர்தான் பட்டாளம். பூனையைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும்.

பதினோரு வயதில் அதற்குத் திடீரென்று மரியாதை முளைத்தது. கேட்டருகே யாரைக் கண்டாலும் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“சாரதா, இங்க வாடி! சல்யூட் அடிக்கிறான் பாரு!” என்று இவர் குதித்தார்.

எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கமே வந்து பார்த்தது. ஒரு சல்யூட்டுக்கு ஒரு பிஸ்கெட். கொடுத்தவள் நான்தான். ருசி கண்ட நாய் சும்மா இருக்குமா? பாக்கெட் சத்தம் கேட்டாலே காலைத் தூக்கியது.

நான்கு மாதத்தில் அந்தக் கால் குச்சியாக மெலிந்தது. “வயசாச்சுல்ல” என்றார் இவர். பின்னங்காலும் தடுமாறத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

டாக்டர் இளவரசி அக்குளில் விரலை வைத்ததுமே சொல்தா அலறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நரம்பு மேல இருக்கிற உறையில கேன்சர். கால் நரம்புல ஆரம்பிச்சு முதுகுத்தண்டுக்குள்ள போயிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா காலை எடுத்துட்டுக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். இனிமே வலிக்கு மாத்திரைதான். எப்பலேர்ந்து காலைத் தூக்குது?”

இவர் தரையைப் பார்த்தார். “அது... சல்யூட்டுன்னு நெனச்சோம் டாக்டர்.”

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வலிக்கிறது, வலிக்கிறது என்று அது நான்கு மாதமாகச் சொல்ல, நான் கைதட்டி பிஸ்கெட் போட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் பிரிட்டோ விருந்தாளிகளோடு வந்து நின்றார். “அண்ணே, சல்யூட் அடிக்கச் சொல்லுங்க. இவங்க பாக்கணுமாம்.”

மானங்கெட்ட நாய், என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க முயன்றது. இவர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்.

“வாணாம்டா, படு” என்றார். பிறகு பிரிட்டோவைப் பார்த்து, “அவன் ரிட்டையர் ஆயிட்டான்பா. இனிமே பென்ஷன் மட்டுந்தான்” என்றார்.

நான் பிஸ்கெட்டில் மாத்திரையை வைத்து நீட்டினேன். சொல்தா வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தது. இவர் மடியில் கிடந்த கால் மெல்ல எழும்பியது.

“தூக்காதடா!” என்று கத்திக்கொண்டே பாக்கெட் முழுவதையும் அதன் முன்னால் கொட்டினேன்.