கடைசி இடம் பெற்ற ஏரி

மாவட்டத்து ஏரிகளில் எதன் தண்ணீர் நல்லது, எதன் தண்ணீர் மோசம் என்று வரிசைப்படுத்தி அலுவலக வாசலில் ஒட்டிய மறுநாள், கடைசி இடம் பெற்ற ஏரி எழுந்து போய்விட்டது. வற்றவில்லை, கரை உடையவில்லை. அவமானம் தாங்காமல் மீன்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. குழியின் சேற்றில் படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. முதலிடம் பெற்ற ஏரிக்காரர்கள் அந்தப் பக்கம் வந்தால் வேண்டுமென்றே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கரையில் குடியிருந்தவர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்து நன்றாகவே இருந்தவர்களுக்கு, இப்போது தங்கள் வயிற்றின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தப்பு ஏரியுடையது அல்ல, நீர்ப் பரிசோதகருடையது. படகில் ஏரியின் நடுவே போய், முழங்கை நனையக் கையை விட்டுப் புட்டியை நிரப்ப வேண்டும். மற்ற ஏரிகளில் எல்லாம் அப்படித்தான் நிரப்பினார். இந்த ஏரியில் படகுத்துறைக்கு நேர் எதிரே அவருடைய அக்காவின் வீடு இருந்தது. அத்தான் இறந்தபோது அவர் போகவில்லை. போகாததற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. அன்று போகாததால் அடுத்த வாரம் போகக் கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம் போகாததால் அடுத்த வருஷமும் அப்படியே. அதனால் அக்கா கண்ணில் படாமல் மறுகரை வழியாக வந்து, சாயப்பட்டறைச் சாக்கடை விழுகிற மூலையில் புட்டியை முக்கி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஆய்வுக்கூடத்தில் அந்தப் புட்டி மட்டும் கறுத்து நின்றபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

ஓடிப்போன ஏரி அவர் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது. துணிக்கொடிக்குக் கீழே உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. அவர் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, கொல்லையில ஒரு ஏரி உக்காந்திருக்கு. உங்களைப் பாக்கத்தான் வந்திருக்கும்போல."

அவர் விரட்டிப் பார்த்தார், போகவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பினால் பின்னாலேயே வந்தது. மேலதிகாரியின் அறைக்கு வெளியே தரைவிரிப்பை நனைத்துக்கொண்டு காத்திருந்தது. சக ஊழியர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது. கடைசியில் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னார். திட்டு வாங்கினார், சம்பள உயர்வு நின்றது, வாசலில் ஒட்டியிருந்ததைக் கிழித்தார்கள். ஏரி அப்போதும் அவரை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டுக்கு நடந்தார். ஏரியும் சலசலத்துக்கொண்டு பின்னால் நடந்தது. அக்கா படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"சாக்கடைப் பக்கமா ஒளிஞ்சு ஒளிஞ்சு போனியே, அப்பவே பாத்துட்டேன்" என்றாள் அக்கா. "கூப்பிட்டா ஓடிருவியேன்னுதான் கூப்பிடல."

பிறகு அவர் தோளுக்கு மேலாக ஏரியைப் பார்த்தாள்.

"நீ ஏன் இன்னும் நிக்கிற? போ, போய்ப் படு."

ஏரி உடனே குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டது, படகுகள் நிமிர்ந்தன. அது ஒரு தப்பும் செய்யவில்லையே, அதற்கென்ன. அவர்தான் பொழுது சாயும்வரை அந்தப் படியில் கால் வைக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.