ஏழு மணி வேண்டுதல்

பாலசுப்ரமணியன் ரேசர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபோது, புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பவளம் எழுந்துவிட்டாள்.

“அவரு தாடியை யாரும் தொட வேண்டாங்க.”

“இல்லம்மா, சொல்றதைக் கேளு. பழனிக்கு நேர்ந்துக்கிட்ட முடி. உடம்போட சேர்த்து எரிய விட்டா தெய்வக் குத்தம். எடுத்து ஒரு ஜிப்லாக் பையில போட்டு வச்சா, யாராவது இந்தியா போறப்போ உண்டியல்ல சேர்த்துடலாம்.”

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் தமிழர் யார் இறந்தாலும் பாலசுப்ரமணியன்தான் முன்னால் நிற்பார். வாய்க்கரிசி, தேங்காய், கொள்ளிக்குடத்துக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் வாங்கிய மண் பூந்தொட்டி, எல்லாம் அவருடைய கார் டிக்கியில் தயாராக இருக்கும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டை போட்டே விற்கிறார்கள், நமக்கு ஒரு வேலை மிச்சம் என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு சாவு அவர் கையில் கிடைத்துவிட்டால், செத்தவரின் பெண்டாட்டிகூட வந்து போகும் விருந்தாளிதான்.

நஞ்சுண்டன் பட்டுவேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறோடு, பாதி நரைத்துப் புதர் மண்டிய தாடியுடன் ஃப்யூனரல் ஹோம் ஹாலில் பெட்டிக்குள் படுத்திருந்தார். பழனியாவது, வேண்டுதலாவது. அந்த மனுஷன் கோயில் வாசலில்கூட காரிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்கிற ஆள். அது ஹாக்கி தாடி.

பனி ஹாக்கியில் கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஆரம்பித்துவிட்டால், கோப்பையை ஜெயிக்கும்வரை அல்லது தோற்று வெளியேறும்வரை யாரும் சவரம் செய்யமாட்டார்கள். நடுவில் செய்தால் தோற்றுவிடுவார்களாம். ராகுகாலத்தை நம்பாத நஞ்சுண்டன் இதை அப்படியே நம்பினார். மகன் கதிர் ஒரு சின்ன லீக்கில், ஒரு மணி நேர தூரத்து ஊரின் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவன். அவன் தாடி விட்டதும் இவரும் விட்டார். ரிச்சர்ட்சனில் இருந்த டெலிகாம் ஆபீஸில் கேட்டவர்களுக்கும் சரி, தமிழ்ச் சங்கத்தில் கேட்டவர்களுக்கும் சரி, “பழனிக்கு வேண்டுதல்” என்று ஒரே பதில். கதிர் காலேஜைப் பாதியில் விட்டதைப் பற்றி ஊரே அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தது. அதில் அப்பனின் தாடியையும் சேர்த்துவிட அவருக்கு மனமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் பழனிக்கு நிஜமாகவே ஒரு வேண்டுதல் இருந்தது. அது பவளத்துடையது. ‘முருகா, இவன் இந்தக் கருமம் பிடிச்ச ஆட்டத்தை விட்டுட்டுப் படிக்கப் போகட்டும், கூட்டிட்டு வந்து மொட்டை போடறேன்’ என்று மூன்று வருஷமாகத் தினமும் விளக்கேற்றும்போது சொல்லிவந்தாள். பின்னே என்ன? பிள்ளைக்குக் கோல் போடுகிற வேலைகூட இல்லை. தன் அணிக்காரனை யாராவது இடித்தால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை அடிப்பதுதான் கதிரின் உத்தியோகம். அடித்த பிறகு ஐந்து நிமிஷம் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைப்பார்கள். அதையும் நஞ்சுண்டன் பெருமையாக எழுந்து நின்று பார்ப்பார்.

புதன்கிழமையும் அப்படித்தான் நின்றார். ஆறாவது ஆட்டம். நடுவர் கதிரைக் கூண்டுக்கு அனுப்பியதும் அவரைப் பார்த்து, “உன்ற கண்ணென்ன...” என்று ஆரம்பித்தவர், அப்படியே சீட்டில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். பவளத்தின் கையில் பாப்கார்ன் இருந்தது.

கண்ணென்ன அவிஞ்சு போச்சா? கண்ணென்ன நொள்ளையா? எதைச் சொல்ல வந்தார் என்று புதன்கிழமையிலிருந்து அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இது தெரியவில்லையே என்று அழுகை வந்தது. வெளியே சொல்ல முடியுமா? வாய்விட்டு அழுதால், பக்கத்திலிருந்த தமிழ்ச் சங்கத்து வள்ளி ஆன்ட்டி, “முருகன் பேரைச் சொல்லிட்டே போயிருப்பாரு பவளம்” என்று தட்டிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை எரித்திருக்கலாம். ஆனால் வேலை நாளில் யாருக்கும் லீவு கிடைக்காது என்று பாலசுப்ரமணியன் சனிக்கிழமை காலைக்கு வைத்துவிட்டார். ஏழாவது ஆட்டம், கோப்பை யாருக்கென்று முடிவாகும் ஆட்டம், அதே சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு.

“தம்பிக்கும் மொட்டை அடிச்சு, தாடி மீசையை எடுத்துடணும்” என்றார் பாலசுப்ரமணியன். “கொள்ளி வைக்கிறவன் இப்படிச் சாமியார் மாதிரி நிக்கலாமா? அப்புறம் நாளைக்கே எனக்கு ஒரு ரெஸ்யூமே அனுப்பச் சொல்லும்மா. ரெண்டாயிரம் பொறக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரை எல்லாம் சரி பண்ணணும்னு, வொய்டூகே ப்ராஜெக்ட்ல கீபோர்டைத் தொடத் தெரிஞ்சவனை எல்லாம் எடுக்கறாங்க.”

சுவரோரம் நின்றிருந்த கதிர் நிமிர்ந்தான். உதட்டில் தையல், கருப்பு கோட்டுக்குள் அடங்காத தோள், நெஞ்சைத் தொடப்பார்க்கும் தாடி.

“இட்ஸ் ஓகே அம்மா. ஷேவ் பண்ணிடலாம். அப்பாக்கும், எனக்கும்.” தரையைப் பார்த்தபடியே சொன்னான். “நான் கோச்சுக்கு ஃபோன் பண்றேன். ஐ'ம் டன். காலேஜ்ல திரும்ப அப்ளை பண்றேன்.”

மூன்று வருஷமாக விளக்கின் முன்னால் கெஞ்சிய வாக்கியம். இப்போது முழுசாக, அவன் வாயாலேயே வந்துவிட்டது. பவளத்துக்கு முருகன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்டேன், சரி. இந்த விலைக்கா கேட்டேன்? ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, இந்தா வைத்துக்கொள் என்று நீட்டினால் வாங்கிக்கொள்வார்களா? மகனின் முகத்தை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை. எட்டு வயசுப் பையனாக இருந்தபோது, விடியற்காலையில் ஆபீஸுக்குப் போகும் முன்னால் அவனைப் பனி மைதானத்துக்குக் கூட்டிப்போன மனுஷன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கித் தூங்கி விழுந்தது ஞாபகம் வந்தது. அவர்தான் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். இவனும் பாதியில் விட வேண்டுமா?

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கி வந்தவர்களை ஹாலே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் ஆறடிக்குக் குறையாத வெள்ளைக்காரப் பையன்கள். எல்லார் முகத்திலும் தாடி. செம்பட்டை, மஞ்சள், கருப்பு என்று வகை வகையாக. பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. ஒழுங்காக வரிசையில் வந்து, கதிரைக் கட்டிப்பிடித்துவிட்டு, நஞ்சுண்டனின் முன்னால் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் அவருடைய தாடியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாலசுப்ரமணியன் ரேசரைப் பிடித்தபடியே பவளத்தின் காதருகே வந்தார்.

“யாரும்மா இவங்க? இவங்களும் பழனிக்கா?”

“ஆமாங்க” என்றாள் பவளம்.

சொல்லியாகிவிட்டது. இனி இறங்க முடியாது. ஆற்றில் ஒரு கால் வைத்தால் நீந்தத்தான் வேண்டும்.

“அவரு எடுத்த வேண்டுதலுங்க. எல்லாரும் சேர்ந்து இருக்காங்க. காரியம் முடியற வரைக்கும் இதுல ஒருத்தரும் முடி எடுக்கக்கூடாது. செத்தவருக்கும் அதே கணக்குத்தான்.”

“என்ன காரியம்? எப்ப முடியும்?”

“இன்னிக்கு ஏழு மணிக்கு ஆரம்பிக்குதுங்க. ஒம்பது, ஒம்பதரைக்கெல்லாம் முடிஞ்சுரும்.”

நேரம் குறித்து முடியும் வேண்டுதலை பாலசுப்ரமணியன் தன் அனுபவத்தில் கேள்விப்பட்டதில்லை. மறுபடியும் தாடிகளை ஒரு சுற்று பார்த்தார். இத்தனை வெள்ளைக்காரர்களைப் பழனி ஆண்டவர் பிடித்து வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா?

“அப்போ உண்டியலுக்கு?”

“கதிரோடதை எடுத்து நானே கொண்டுபோய்ச் செலுத்திக்கிறனுங்க.”

அவர் ரேசரை மூடிப் பைக்குள் போட்டார். கதிர் அம்மாவைப் பார்த்தான். தமிழில் சரளமாகப் பேச வராதே தவிர, அவனுக்கு எல்லாம் புரியும்.

“அம்மா, நீ...”

“பேசாதே கண்ணு. போய்த் தொட்டியைத் தூக்கு.”

கம்பளம் நனையும் என்று மேனேஜர் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டதால், கொள்ளிக்குடத்தைக் கார் நிறுத்துமிடத்தில் உடைத்தார்கள். தாடியோடு கதிர் தோளில் தொட்டியைச் சுமந்து சுற்றிவந்தான், ஓட்டையிலிருந்து தண்ணீர் அவனுடைய கோட்டில் வழிந்தது. தொட்டி தார்த் தரையில் உடைந்ததும், எதற்கென்றே தெரியாமல் அணிக்காரர்கள் எல்லாரும் காலணியைத் தரையில் தட்டினார்கள். அது அவர்களுடைய மரியாதை என்று பவளத்துக்குத் தெரியும். பிறகு கதிர் உள்ளே போய்த் தகன அடுப்பின் பட்டனை அழுத்திவிட்டு வந்தான். அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

வேன் கதிரை ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வள்ளி ஆன்ட்டி வைத்த ரசத்தில் இரண்டு வாய் சாப்பிட்டாள் பவளம். ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியதும், ஹாலில் படுத்திருந்த பாலசுப்ரமணியனைப் போய் எழுப்பினாள்.

“கொஞ்சம் டிரைவ் பண்றீங்களா? வேண்டுதல் முடியற எடத்துல வீட்டாளு ஒருத்தர் இருக்கணுமுங்க.”

புருஷனை எரித்த அன்றே வாசல் தாண்டுவதா என்று வள்ளி ஆன்ட்டி முகத்தைச் சுளித்தாள். ஆனால் தெய்வ காரியத்துக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? நெற்றியில் விபூதியும் வேட்டியுமாக பாலசுப்ரமணியன் ஃப்ரீவேயில் காரை விட்டார். அவள் சொன்ன இடத்தில் நிறுத்தி, அவள் பின்னாலேயே படியேறி உள்ளே வந்து, அடிபட்டவர் போல நின்றுவிட்டார். கீழே பனித்தரை, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஜனம், சங்கு ஊதுவதற்குப் பதில் ஹாரன்.

“இங்கயா?”

“இங்கதானுங்க. உக்காருங்க, குளிரும்.”

அவரை ஓரத்துச் சீட்டில் உட்காரவைத்து, நஞ்சுண்டனின் கம்பளியைக் கொடுத்தாள். அதைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் கந்தசஷ்டி கவசம் முணுமுணுத்தார். பிறகு நிறுத்திவிட்டு, “அந்த வெள்ளைச் சட்டைக்காரன் தம்பியை இடிச்சிட்டானேம்மா” என்றார்.

அப்போதுதான் கதிர் கையுறையைக் கழற்றினான். பவளம் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்து, மூடவில்லை. முதலில் இடித்தவனை விட்டுவிட்டு, புதன்கிழமை வந்த அதே நடுவர் கதிரின் பக்கம் கையைக் காட்டினார். கூண்டின் கதவு திறந்தது.

பவளம் எழுந்து நின்றாள். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.

“உன்ற கண்ணென்ன நொள்ளையாடா?”

அவளுக்கே சந்தேகம் தீர்ந்தது போலிருந்தது. நொள்ளைதான். அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பாலசுப்ரமணியன் கம்பளியை விலக்கி அவளை அண்ணாந்து பார்த்தார். கீழே கண்ணாடிக் கூண்டுக்குள், தாடியைச் சொறிந்தபடி கதிர் அப்பாவின் வரிசையைத் தேடிக்கொண்டிருந்தான்.