யார் முதலில் கத்தியை எடுத்தது

லூர்த்தம்மாவின் மூத்த மகன் சிமியோன் தன் தம்பி யாகோப்பைக் குத்தியது எண்பத்துமூன்றாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். யாழ்ப்பாணம் குருநகரில் அவர்களுடைய வீட்டு முற்றத்தில், பெற்றவளின் கண் முன்னால்.

செத்துப்போன தகப்பனின் மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டு ஜேர்மனிக்குப் போக நின்றான் சிமியோன். யாகோப்பு விடவில்லை.

"வள்ளத்தை வித்தா நான் எதிலை தொழிலுக்குப் போறது? நீந்தியே போறது?" என்று கேட்டான்.

லூர்த்தம்மா கருவாட்டுக்குப் பாரை மீன் கீறிக்கொண்டிருந்தாள். வாய்ச்சண்டைதானே, ஓய்ந்துவிடும் என்று தலையை நிமிர்த்தாமல் இருந்தாள். சிமியோன் குனிந்து அவள் கையிலிருந்த கத்தியைப் பறித்தான். யாகோப்பின் கையில் ஒன்றுமில்லை. குத்திய வேகத்தில் மீன் வழுவழுப்பில் பிடி வழுக்கி, சிமியோனின் உள்ளங்கையும் கிழிந்தது. ஆஸ்பத்திரி வாசலைக் காண முன்னரே யாகோப்பின் உயிர் போய்விட்டது. அவன் மனைவி ஸ்ரெல்லாவுக்கு அப்போது ஆறு மாதம்.

அந்த வருட ஆடி இனக்கலவரத்தோடு எல்லாம் குழம்பிப்போய், வழக்கு விளங்க அடுத்த வருடமாகிவிட்டது. அதற்குள் ஸ்ரெல்லாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து தவழத் தொடங்கியிருந்தது. வழக்கு விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது லூர்த்தம்மாவின் தம்பி கிறிஸ்துநாயகம் வந்தான். சிமியோனுக்கு வழக்குப் பேச அப்புக்காத்துப் பிடித்தவன் அவன்தான்.

"அக்கா, ஒரேயொரு சொல்லுத்தான். யாகோப்புத்தான் முதல் கத்தியை எடுத்தவன் எண்டு சொன்னாக் காணும். சிமியோன்ரை கையிலை வெட்டுக்காயம் இருக்கு. தன்னைக் காப்பாத்தப் பாத்தவன் எண்டு விட்டிடுவினம்."

"யாகோப்பு கத்தியைத் தொடேல்லையே."

"செத்தவனுக்கு இனி என்ன வரப்போகுது? இருக்கிற ஒண்டையும் துலைக்கப் போறியளே?"

அடுத்த நாள் பங்குச் சுவாமியும் வந்து, "மன்னிக்கிறது பெரிய புண்ணியம், அம்மா," என்றார்.

"மன்னிக்கலாம் சுவாமி. பொய் சொல்லச் சொல்லி ஆண்டவர் தந்த பத்துக் கற்பனையிலை எதிலை இருக்கு?" என்று கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வழக்கன்று கோட்டில் நீதிபதியின் முன் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து கூண்டில் ஏறினாள். எதிர்க்கூண்டில் நின்ற சிமியோன் நன்றாக மெலிந்திருந்தான். அவனைப் பார்த்ததும் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிமியோனின் அப்புக்காத்து குழைந்த குரலில் தொடங்கினார். "அம்மா, உங்கடை இளைய மகன் கொஞ்சம் முன்கோபக்காரன்தானே?"

"ஓம்."

"அண்டைக்கும் அவர்தானே முதல் கத்தியை எடுத்தவர்?"

"இல்லை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. கவலையிலை சிலவேளை மறந்திருப்பியள்."

"கத்தி என்ரை கையிலை இருந்தது ஐயா. சிமியோன்தான் என்ரை கையிலையிருந்து பறிச்சவன். இதை மறக்கிற தாய் எங்கையும் இருக்கிறாளோ?"

"உங்கடை சொல்லாலை உங்கடை மகன் மறியலுக்குப் போவார், சிறையிலை கிடப்பார். அது தெரியுமோ?"

"தெரியும். அவன் போனா ஒருநாள் திரும்பி வருவான். செத்தவனை நான் குற்றவாளியாக்கினா, வந்து இல்லையெண்டு சொல்ல அவனுக்கு வாயில்லை. அவன்ரை பிள்ளை வளந்து, கத்தி எடுத்தவன்ரை மகள் எண்டு பேர் கேக்க வேணுமோ?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். திடீர்ச் சண்டையில் நடந்தது என்றபடியால் தூக்கு இல்லை. பத்து வருடக் கடூழியச் சிறை என்று தீர்ப்பானது.

ஊர் அவளை ஒதுக்கியது. பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்று தண்ணிக் குழாயடியில் காதுபடவே சொன்னார்கள். கிறிஸ்துநாயகம் பேச்சை விட்டான். கோயிலில் அவள் போய் இருந்த மர வாங்கிலிருந்து பெண்கள் எழும்பிப் போனார்கள். அடுத்த ஞாயிறு அவள் இன்னும் முன் வாங்கில் போய் இருந்தாள்.

தீர்ப்பாகி ஒரு மாதம் முடிய, ஒருநாள் காலையில் சோறாக்கி, சிமியோனுக்குப் பிடித்த இறால் பொரியலும் வைத்து, சிறைக்குக் கொண்டுபோகப் பொதி கட்டினாள். பிள்ளையோடு அதே வீட்டில் இருந்த ஸ்ரெல்லா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்ரை மனுசனைக் குத்தினவனுக்கோ மாமி, சோறு?"

"ஓம். அவனுக்குத்தான்."

"அப்ப ஏன் கோட்டிலை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சாட்சி சொன்னது நடந்ததுக்கு. சோறு என்ரை பிள்ளைக்கு. நீ கோபி, பிள்ளை. உனக்குக் கோபிக்க உரித்து இருக்கு. என்னைத் தடுக்க இல்லை."

ஸ்ரெல்லா இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் வீட்டை விட்டுப் போகவில்லை.

சிமியோன் தாயைப் பார்க்க வர மறுத்தான். காவலாளி பொதியைத் திருப்பிக் கொடுத்தான். நேரம் முடியும்வரை வெயிலில் நின்றுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும் போனாள். ஐந்தாம் முறை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"என்னை மறியலுக்கு அனுப்பிப்போட்டு ஏன் வாறியள்?"

"நான் அனுப்பேல்லை. நீயாத்தான் போனனி."

அவன் கண் கலங்கியது. தழும்பேறிய கையால் முகத்தைத் துடைத்தான். "ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் வெளியிலை, அம்மா."

"நீ வெளியிலை. அவன் குழிக்குள்ளை கிடந்தும் குற்றவாளி. ரெண்டு பேரையும் நான்தான் பெத்தனான், மோனை."

அவன் மெல்லக் கேட்டான். "வெளியிலை வந்தா வீட்டுக்கு வரலாமோ?"

"வீட்டை ஸ்ரெல்லான்ரை பிள்ளைக்கு எழுதிப்போட்டன். போன கிழமைதான் நொத்தாரிசு உறுதி எழுதி முடிச்சவர். வரலாமோ எண்டு நீ ஸ்ரெல்லாட்டைத்தான் கேக்க வேணும்."

"அவள் ஓமெண்டுவாளோ?"

"எனக்குத் தெரியாது. கேக்கிறதுக்கு முதல், கேக்கிற முகம் உனக்கு வரவேணும்."

காவலாளி பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே நீட்டினான். இந்த முறை சிமியோன் வாங்கிக்கொண்டான். நின்றபடியே பிரித்துத் தின்னத் தொடங்கினான். அவன் தின்று முடிக்கும்வரை லூர்த்தம்மா கம்பியடியை விட்டு நகரவில்லை. "நேரம் முடிஞ்சுது, போங்கோ," என்று காவலாளி இரண்டு தரம் சொன்னான். அவள் அசையவில்லை.