ஜோடிக் குச்சிக்கு இரண்டு மார்க்

என் அக்காவைப் போல ஒரு நல்லவள் உலகத்திலேயே கிடையாது என்று நாற்பத்து நாலு வயதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் வாயைப் பினாயில் ஊற்றித்தான் கழுவ வேண்டும்.

இருவருக்கும் ஒரே ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் வேலை. அவள் ருசி பார்க்கும் அறைக்குத் தலைவி. வெள்ளைக் கோட்டு, வாய் கொப்பளிக்க வெந்நீர், மகாராணி மாதிரி. நான் கீழே ஐஸ் வார்க்கும் அச்சு இயந்திரத்தில். ரப்பர் பூட்ஸ், மரத்துப்போன விரல்கள். எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ஐஸ் மூன்றில், ருசி பார்ப்பவர்கள் அதிக மார்க் போடும் ஒன்றை இந்தக் கோடைக்குத் திரும்பக் கொண்டுவரப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. பட்டியலில் ஜோடிக் குச்சியும் இருந்தது. படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜோடிக் குச்சி என்றால் வெளியே ஆரஞ்சு, உள்ளே பால், ஒரே ஐஸுக்கு இரண்டு குச்சி. நடுவில் உடைத்தால் ஆளுக்குப் பாதி. சரிபாதியாக அது ஒருநாளும் உடைந்ததில்லை. பெரிய பாதியை அக்கா எனக்குத்தான் நீட்டுவாள். பள்ளிக்கூட வாசலில் ஐந்து வருடம், ஒரு தடவைகூட மாறாமல். மற்ற பெண்களின் அக்காக்கள் கிள்ளுவார்கள், முடியைப் பிடித்து இழுப்பார்கள். எனக்கு மட்டும் இப்படியொருத்தி வாய்த்திருந்தாள். கம்பெனி அதை நிறுத்தியபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அது திரும்பி வந்தால் இரண்டாக உடைத்து, இந்த முறை பெரியதை அவளுக்கு நான் கொடுக்க வேண்டும். இதுதான் என் ஆசை, வேறொன்றும் இல்லை. மாதிரி செய்யும் வேலையை நானே கெஞ்சி வாங்கினேன். பழைய செய்முறை அட்டையை வைத்துக்கொண்டு பதினொரு நாள் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன்.

ருசி பார்க்கும் அறையில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கிண்ணத்தில் எந்த ஐஸ் என்று ருசி பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. கிண்ணத்தின் மேல் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். அதை வெளியே சொன்னவளுக்கும் வேலை போகும், கேட்டவளுக்கும் போகும். போனால் போகட்டும் என்று காலையில் கை கழுவும் இடத்தில் அவள் காதோடு சொன்னேன்.

“அக்கா, நம்மளோடது நானூத்திப் பதினேழு.”

“அடியே, வாயை மூடு! யார் காதுலயாவது விழுந்தா ரெண்டு பேரும் வீட்ல உக்கார வேண்டியதுதான்,” என்றாள். திட்டினாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி மத்தியானம் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பன் வாங்கிக் கொடுத்தேன், புத்தி கெட்டவள்.

மறுநாள் மார்க் பட்டியலை ஒட்டினார்கள். நானூற்றுப் பதினேழுக்கு எட்டு, ஏழு, எட்டு, ஏழு. ஐந்தாவது கட்டம் அக்காவுடையது. அதில் இரண்டு. ஜெயித்த திராட்சை ஐஸ் எங்களை முந்தியதும் அதே இரண்டு மார்க்கில்தான். அவள் ஐந்து போட்டிருந்தால்கூடப் போதும்! எண்ணை மறந்திருப்பாள் பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மேலே ஓடினேன். அறையில் தனியாகக் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நம்பரை மறந்துட்டியா அக்கா?”

“இல்லையே.”

“அப்போ தெரிஞ்சேவா ரெண்டு போட்ட?”

“நாக்குக்கு என்ன தோணுச்சோ அதைப் போட்டேன். எனக்குத்தான் சின்ன வயசுலயே அது பிடிக்காதே. அந்தப் பாலும் ஆரஞ்சும் சேர்ந்தா குமட்டும்.”

“பிடிக்காதா? பெரிய பாதியை எனக்குக் குடுப்பியே!”

“பிடிக்காததாலதான்டி குடுத்தேன். முழுசையும் உன் தலையில கட்டினா அம்மா கேப்பாளேன்னு சின்னதை நான் வச்சுக்கிட்டேன்.”

கிளாஸைத் துடைப்பதைக்கூட அவள் நிறுத்தவில்லை. அடிப்பாவி! பாசம் என்று ஐந்து வருடம் நான் நக்கித் தின்றது அவள் வாய்க்குப் பிடிக்காத பண்டம்.

அம்மா போன பிறகு வீட்டைப் பிரித்தது அப்போதுதான் உறைத்தது. மாடி முழுவதும், பின்பக்கத் தோட்டமும் அவளுக்கு. கீழே இரண்டு இருட்டு அறைகள் எனக்கு. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பங்குன்னு வந்தா எங்க அக்கா எனக்குப் பெரிசைத்தான் குடுப்பா, இந்த ஒரு தடவை அவ எடுத்துக்கட்டும், நீங்க குறுக்கே பேசாதீங்க,” என்று அவர் வாயை அடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

“அக்கா, மாடியில ஒரு ரூம் எனக்குக் குடேன்,” என்றேன்.

சத்தியமாக எனக்கு அந்த அறை வேண்டியதில்லை. எடுத்துக்கோடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இரண்டு மார்க்கையும் திராட்சை ஐஸையும் அங்கேயே மறந்துவிட்டுக் கீழே இறங்கிப் போயிருப்பேன்.

அவள் கிளாஸை மேசையில் வைத்தாள். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மாடியா? அதை எப்படிடி குடுக்கிறது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமாச்சே.”