என் ஆள், கோச்

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. தேவாலயம் போய்வந்து, வறுத்த கோழியும் சோள ரொட்டியும் தின்ற கையோடு, அறுபது பேரும் இருட்டறை ஒன்றில் போய் உட்கார வேண்டும். முந்தின நாள் ஆட்டத்தின் படத்தை கோச் ஸ்டப்ஸ் ஓட்டுவார். எதிரணிக்காரன் எவனாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஆளைச் சாய்த்திருந்தால், அந்த இடத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டுவார். அவனைத் தடுத்திருக்க வேண்டியவன் எழுந்து நின்று "என் ஆள், கோச்" என்று சொல்லும்வரை படம் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

1971 அக்டோபரில் ஒரு ஞாயிறு, என் முன்பற்கள் இரண்டு போன காட்சி திரையில் வந்தது. நான் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். எனக்கு முன்னால் வழி உண்டாக்க வேண்டிய டாயல் கிரிம்ஸ் ஓர் அடி எடுத்து வைக்கிறான். பிறகு நிற்கிறான். அவன் தோளை உரசிக்கொண்டு ஒருவன் வந்து என் முகத்தில் மோதுகிறான். யார் தடுத்திருக்க வேண்டிய ஆள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் டாயல் எழுந்திருக்கவில்லை. கோச்சும் படத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

எனக்கு வாய் வலியைவிட அதுதான் வலித்தது. அலபாமாவில் அந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்ட கறுப்பர்கள் இரண்டே பேர். இன்னொருவன், என் அறைத்தோழன் எஸ்ரா, செப்டம்பரிலேயே முழங்கால் போய் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அந்த இருட்டறையில் அறுபது பேரில் நான் மட்டும் தனி. தெரியாமல் நடந்த தப்பென்றால் ஏன் எழுந்திருக்கவில்லை? வேண்டுமென்றே செய்ததென்றால், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பயணத்துக்கு எல்லோரும் கட்டவேண்டிய கழுத்து டை எனக்கு இல்லையென்று தெரிந்து, தன்னுடையதைக் கழற்றி ஏன் கொடுத்தான்?

அங்கே எதுவுமே எனக்கு நேராகப் புரிந்ததில்லை. நான் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று, எங்கள் பாட்டனார்களை அடிமையாக வைத்திருக்கச் சண்டை போட்டவர்களின் கொடியை எனக்காக ஆட்டுவார்கள். அதற்குச் சிரிப்பதா, ஓடி ஒளிவதா?

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வானொலியில் அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த கறுப்பர் கல்லூரியின் கோச் வீட்டுக்கே வந்து, எனக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகவும் அடுத்த ஞாயிற்றுக்குள் பதில் வேண்டுமென்றும் சொல்லிப் போயிருக்கிறார். அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று.

"அவன் தெரிஞ்சு விட்டானா, தெரியாம விட்டானா? அதைக் கேட்டுச் சொல்லு. தெரிஞ்சுதான் விட்டான்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துரு. உன் பல்லை அந்த ஊருக்குக் குடுத்தது போதும்."

கேட்காமல் விட்டால் என்ன என்றுதான் மூன்று நாள் ஓட்டினேன். புதன்கிழமை, பயிற்சிக்கு முன் கணுக்காலுக்குப் பட்டை சுற்றும் மேசையில் டாயலும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பட்டை சுற்றுகிறவர் கத்தரிக்கோல் தேடி உள்ளே போன சமயம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"வேணும்னே விட்டியா?"

டாயல் மரம் அறுக்கிற குடும்பத்துப் பையன். எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலடா, மோஸ்லி."

"அது எப்படிடா தெரியாமப் போகும்? காலு உன் காலுதான?"

"நீ இந்த அணிக்கு வரதுக்கு முன்னாடி பந்தோட ஓடினவன் உன்னளவு வேகம் இல்ல, அவனுக்காக ரெண்டு எண்ணிட்டுத்தான் எதிராளியை நெட்டித் தள்ளுவேன். ரெண்டு வருஷப் பழக்கம். நீ ரெண்டுக்கு முன்னாடியே வந்துட்டியோ என்னவோ."

"அப்ப அதுதானே? சொல்லிட்டுப் போயேன்."

"அதுவா இருக்கலாம். ஆனா அவன் வரதை நான் பாத்தேன்டா. பாத்தப்ப உள்ளுக்குள்ள என்னவோ நின்னு போச்சு. அது எண்ணிக்கையா, வேற எதாச்சுமான்னு எனக்கே தெரியல. ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டேன்."

பட்டை சுற்றுகிறவர் திரும்பி வந்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தெரியவில்லை என்று சொல்கிறவனை என்ன செய்வது?

சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அதே ஓட்டத்தை ஆடச் சொன்னார்கள். அதே வழி, முன்னால் அதே டாயல். பந்து கைக்கு வந்ததும் என் கால் தானாகவே ஒரு கணம் தயங்கியது. பயந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தில் டாயல் எதிராளியை அள்ளி ஓரமாகக் கிடத்தினான். கதவைத் திறந்து வைத்ததுபோல் வழி கிடந்தது. கோட்டைத் தாண்டினேன். கொடிகள் ஆடின.

டாயல் மூச்சிரைக்க ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்குத் தள்ளிட்டேன்ல? அப்ப அன்னைக்கும் எண்ணிக்கைதான் தப்பு. அப்படித்தானே?"

அவன் கண்ணில் இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதிலை என்னிடம் கேட்கிறான். நான் வேகத்தைக் குறைத்தேன் என்று அவனுக்குத் தெரியாது. ஒருவேளை அன்று தப்பு என் வேகத்தில்தானோ? இல்லை, இன்று நான் பயந்ததால்தான் அவனுக்குத் தள்ள நேரம் கிடைத்ததோ? எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஞாயிறு அந்தக் காட்சி திரையில் வந்தபோது கோச்சுக்கு ஏகக் குஷி. இரண்டு முறை ஓட்டிக் காட்டினார். மூன்றாவது முறைக்குப் பின்னுக்கு இழுக்கும்போது டாயல் எழுந்து நின்றான்.

"என் ஆள், கோச்."

"எந்த ஆளுடா? கோட்டைத் தாண்டிட்டான், தெரியலையா? உக்காரு."

"போன வாரத்து ஆளு, கோச்."

படக்கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நிழல் திரையில் பாதியை மறைத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோச் சரி என்று மட்டும் சொன்னார். டாயல் உட்கார்ந்தான். நான் வேகத்தைக் குறைத்ததைச் சொல்ல நானும் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை எனக்கு இருக்கிறது.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். தெரிஞ்சா, தெரியாமலா என்றுதான் அவள் ஆரம்பித்தாள். தெரியவில்லை, ஆனால் எழுந்து நின்றான் என்றேன். எத்தனை பேர் முன்னால் என்று கேட்டாள். அறுபது என்றேன். நான் தயங்கி ஓடியதையும் சொல்லிவிட்டேன். அவளிடமாவது சொல்லவேண்டுமே.

"வீட்டுக்கு வந்த அந்தக் கோச்சுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லிரும்மா."

"அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பையன் பின்னாடிதான் ஓடுவியா?"

"அவன் பின்னாடிதான்."

"தயங்கியா, தயங்காமலா?"

சனிக்கிழமை வானொலியைப் போட்டுக் கேளும்மா என்றேன்.